பாடத்திட்டம் மாறினால் போதுமா?

மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை, ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்கு 50 மணி நேரம் பயிற்சி பெற வேண்டும் என்கிறது. 2024இல் ஆறாம் வகுப்புக்குப் புதிய விஞ்ஞானப் புத்தகமும் வந்தது. மாணவர்கள் செய்து பார்த்துக் கற்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் செய்து பார்க்கச் சாமான் எங்கே? அதைத் தயாரிக்க ஆசிரியருக்குச் சொல்லித் தருவது யார்?

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு முறை விடை கண்டிருக்கிறார்கள். சென்னை-டில்லி மார்க்கத்தில் பிரயாணம் செய்வோர் இட்டார்சி ஜங்ஷனை அறிவார்கள். அது இருக்கும் ஹோஷங்காபாத் மாவட்டத்துக்கு இன்று நர்மதாபுரம் என்று பெயர். அங்கே 1972இல் இரண்டு தொண்டு நிறுவனங்கள் 16 நடுநிலைப் பள்ளிகளில் புதிய விஞ்ஞானக் கல்வித் திட்டத்தைத் தொடங்கின. பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகளும், டில்லிப் பல்கலைக்கழகப் பௌதிக ஆசிரியர்களும் துணைக்கு வந்தார்கள். 1978இல் திட்டம் மாவட்டம் முழுவதும் பரவியது.

ஆசிரியரே மாணவர்

அங்கே பயிற்சி என்றால் சொற்பொழிவு அல்ல. கோடை விடுமுறையில் ஆசிரியர்கள் மாணவர்களைப் போல உட்கார்ந்து ஒவ்வொரு சோதனையையும் தாங்களே செய்தார்கள். டார்ச் பல்பு, பாட்டரி, சைக்கிள் வால்வு டியூப், தீக்குச்சி, கருவேல முள் எல்லாமே பாடக் கருவிகளாயின. பிறகு மாதந்தோறும் கூடி, வகுப்பில் எது சரிப்பட்டது, எது சரிப்படவில்லை என்று பேசினார்கள். அவர்கள் அனுபவத்தைக் கொண்டு புத்தகம் திருத்தப்பட்டது. புத்தகத்தைப் பார்த்து எழுதும் பரீட்சையும், செய்முறைத் தேர்வும் வந்தன.

முப்பது ஆண்டு நடந்த இத்திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது.

இன்று ஆசிரியர் பயிற்சி இணையம் வழியாகவும் நடக்கிறது. திரையில் பல்பு எப்போதும் எரியும். வகுப்பில் எரியாதபோது, கம்பியிலா, பாட்டரியிலா, பல்பிலா குறை எங்கே என்று தேடுவதில்தான் பௌதிகம் இருக்கிறது. கையால் செய்து பழகாத ஆசிரியர் கரும்பலகையில் படம் வரைந்து பாடத்தை முடித்துவிடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

மும்பை மாநகராட்சி தமிழ் வழிப் பள்ளிகளும் நடத்துகிறது. பயிற்சிக் குறிப்புகள் தமிழில் கிடைக்காவிட்டால், அங்குள்ள ஆசிரியர் அவற்றையும் தாமே தயாரிக்க வேண்டும். அவருக்குப் பாரம் இரட்டிப்பு.

ஐம்பது மணி நேரத்தில் பாதியையாவது பாடக் கருவிகள் செய்யப் பழக ஒதுக்கலாம். ஆசிரியர்கள் மாதம் ஒருநாள் கூடிப் பேச அனுமதிக்கலாம். சில்லறைச் சாமான் வாங்கப் பள்ளிக்குச் சிறு தொகை தரலாம். இவை பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. இதைச் செய்யாமல் புத்தகத்தை மட்டும் மாற்றினால், பிள்ளைகள் புதுப் பாடத்தையும் பழையபடி மனப்பாடம்தான் செய்வார்கள். மாநிலக் கல்வித் துறைகள் இதைக் கவனிக்க வேண்டும்.