பனை தறிப்பும் விற்பனையும்: எமது நிலைப்பாடு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெருங்காடு இல்லை. கதவு நிலைக்கு வேண்டிய முதிரையும் பாலையும் வன்னியிலிருந்து வருகின்றன. இங்கேயே வளர்ந்து இங்கேயே பெருமளவில் விலைபோகும் மரம் பனைதான். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பனஞ்சலாகை கடல்கடந்தும் விற்பனையானது. இந்த வியாபாரத்தை நிறுத்தும்படி நாம் கேட்கவில்லை. முதிர்ந்த மரம் மட்டுமே தறிபட வேண்டும், அதன் உரிய விலை காணிக்காரரைச் சேர வேண்டும் என்பதே எமது நிலைப்பாடு.

தேக்கு ஆண்டுதோறும் பருக்கும். பனை அப்படியல்ல, அடிமரம் ஒருமுறை பருத்த பின் மேலும் பருப்பதில்லை. வயது ஏற ஏற வெளிப்புறத்தில் வைரம் பாயும். நடு சோற்றியாகவே இருக்கும். இளம் பனையைத் தறித்தால் சலாகைக்கு உதவும் வைரம் சொற்பமே தேறும். தறித்த அடியிலிருந்து மறுபடி துளிர்ப்பதுமில்லை. ஆகவே, அவசரத்துக்கு இளமரத்தை விற்பவர் மரத்தின் விலையையும் இழக்கிறார். நுங்கு, பனங்காய், ஒடியல், ஓலை, பதநீர் என இனி வரவிருந்த வருமானத்தையும் இழக்கிறார். தண்ணீரோ உரமோ கேட்காத மரத்தை நிற்கவிடச் செலவும் பெரிதில்லை.

பணமுடைக்கு மரம் விற்பது காணிக்காரரின் உரிமை என்பார்கள். அந்த உரிமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் நின்ற மரத்தைக் குத்துமதிப்பாகப் பேசி விற்கும்போது அளவும் வைரமும் வியாபாரிக்குத்தான் தெரியும். காணிக்காரர் வெளிநாட்டிலிருந்தால் அவருக்கு எதுவுமே தெரியாது.

1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிக்க அனுமதி வேண்டும். ஆனால் பனை பூத்தால்தான் ஆணா பெண்ணா என்று தெரியும். அதற்குப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் வரை செல்லும். பெண்பனைக்கு மட்டும் தரும் காப்பு வடலிக்கு உதவாது. போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் பெருந்தொகைப் பனைகள் போயின. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டிய வடலிகளை இப்போது வீட்டுக்காணி துப்புரவாக்கும் இயந்திரங்கள் அழிக்கின்றன.

எனவே நாம் கோருவன:

1. தறிப்பு அனுமதி ஆண், பெண், வடலி என்ற பேதமின்றி எல்லாப் பனைக்கும் வேண்டும். பட்ட மரத்துக்கும் ஆபத்தான மரத்துக்கும் அனுமதி தாமதமின்றிக் கிடைக்க வேண்டும்.

2. 1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபை, சலாகை, வளை ஆகியவற்றின் சந்தை விலையைப் பிரதேச செயலகங்களில் காலந்தோறும் காட்சிப்படுத்த வேண்டும்.

3. காணியைத் துண்டு பிரித்து விற்போர் எல்லையோர வடலிகளை விட்டுவைக்க வேண்டும். அழித்தவற்றுக்கு ஈடாகப் பனங்கொட்டை நட்டு, முளைத்ததைக் காட்ட வேண்டும்.

எமது உறுப்பினர்களான மரக்காலை உரிமையாளரும் தச்சரும் இந்த மாற்றங்களுக்காகக் காத்திருக்கப் போவதில்லை. அனுமதிப்பத்திரம் இல்லாத பனையை இனி வாங்கவோ அரியவோ மாட்டார்கள். வாங்கும் ஒவ்வொரு மரத்தின் நீளமும் விலையும் எழுதிய பற்றுச்சீட்டைக் காணிக்காரர் கையில் கொடுப்பார்கள்.