விலகி நிற்கும் துவாரம்

பழைய சைக்கிளில் கிராங்கை அச்சுத்தண்டோடு பிணைக்கும் கொட்டர் பின்னைக் கவனித்திருப்பீர்கள். அது தண்டின் நடுவே புகுவதில்லை. மையத்தினின்று விலகி, ஓரத்தைத் தழுவிச் செல்கிறது. இத்தகைய துவாரத்தைக் கணனித் திரையில் வரையும் மாணவர் பலர், விலகலை வளைபரப்பின் மீது அளந்துவிடுகின்றனர். அங்கேதான் கேடு விளைகிறது.

20 மில்லிமீற்றர் ஆரையுள்ள உருளையில், அச்சினின்று 10 மில்லிமீற்றர் விலகித் துவாரம் வேண்டும் என்க. வில்லின் வழியே 10 அளந்தால், மெய்யான விலகல் 9.59 மட்டுமே. குறையும் 0.41 அற்பமன்றோ எனலாம். ஆணி அதனை ஒப்புக்கொள்ளாது.

அச்சினூடே செல்லும் தளமொன்றைத் தெரிந்து, அதில் அச்சுக்குச் செங்குத்தாக 10 அளந்து புள்ளியிட்டு, அத்தளத்திற்குச் செங்குத்தாகத் துளைப்பதே முறை. அவ்வாறு ஊடுருவும் துவாரத்தின் மையக்கோடு, விட்டமாகிய 40 அன்று. பைதகரசு தேற்றப்படி 34.64 ஆகும்.

இன்னொன்று. துறப்பண அலகு தொடுமிடத்தில் பரப்பு 30 பாகை சரிந்திருக்கும், அலகு வழுக்கும். ஆதலின் முதலில் அவ்விடத்தைத் தட்டையாக்குவர். அத்தட்டையைப் படத்திற் காட்டாதவரைப் பட்டறைக்காரர் ஏசுவதில் நியாயமுண்டு.