555 புத்தகத்தில் நம் கையெழுத்து



555 புத்தகத்தை அறியாதவர் நம்மில் யார்? சட்டைப் பையில் அடங்கும் அந்தச் சின்னப் புத்தகத்தில் அரிசி, சர்டின், எண்ணெய் என்று நம் கடனைக் கடைக்காரர் எழுதினார்; நாம் தலையாட்டினோம். செக்ரோலில் கிராணி எழுதினார். மருந்துக் கொட்டகையில் டிரெஸர் எழுதினார். நம்மைப் பற்றி எழுதியவர்கள் எல்லாம் அடுத்தவர்கள்தான். நம்மைப் பற்றி நாமே எழுதிய வரி ஒன்று வீட்டில் இருக்கிறதா?

அதே 555 புத்தகத்தில் ஒன்று வாங்கி, தினமும் நாலு வரி நாமே எழுத வேண்டும் என்பதுதான் நாம் சொல்ல வருவது.

"அதெல்லாம் படிச்சவங்க வேலை, நமக்கு எதுக்குங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளை புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக இருந்தவர். 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். பண்டிதர் தமிழிலா எழுதினார்? பேசுகிற தமிழ் கலந்துதான் எழுதினார். கப்பல் வந்தது, வியாபாரம் நடந்தது, யார் யாரைப் பற்றிக் கோள் சொன்னார்கள், எல்லாம் அதில் இருக்கிறது. அவர் பெரிய மனிதர், நாம் கூலிக்காரர் என்று ஒதுங்க வேண்டாம். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்த தமிழே இதற்குத் தாராளம்.

என்ன எழுதுவது? தேதி. எந்த நிரையில் வேலை, எத்தனை குலை வெட்டினோம் அல்லது எத்தனை மரம் சீவினோம், மழையா வெயிலா. அதோடு நிறுத்தினால் அது இன்னொரு செக்ரோல் ஆகிவிடும். மனசில் என்ன ஓடியது என்பதற்கும் ஒரு வரி வேண்டும். "இன்னைக்கு மண்டோர்கிட்ட வாய் விட்டுட்டேன். அவர் சொன்னது பெருசில்ல. எனக்கு ஏன் அவ்வளவு கோவம்?" இப்படி எழுதினால் போதும். கேள்விக்கு அன்றே பதில் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

எழுதுவதில் பாதிப் பயன்தான். மீதி, மாதக் கடைசியில் திருப்பிப் படிப்பதில் இருக்கிறது. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் தோழர் ஒருவர், பெயர் வேண்டாம், மூன்று மாதம் எழுதிவிட்டு உட்கார்ந்து படித்தார். மகனை அடித்த நாட்கள் நான்கு. நான்கும் மழை நாட்கள். பையன் சொல்பேச்சுக் கேட்பதில்லை என்றுதான் அவர் அதுவரை எல்லாரிடமும் சொல்லி வந்தார். மழை பெய்தால் குலை குறையும், குலை குறைந்தால் சம்பளம் குறையும். அந்த எரிச்சல் பிள்ளையின் முதுகில் விழுந்திருக்கிறது. "புஸ்தகம் சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதுங்க" என்றார் நம்மிடம். இப்போது மழை நாளில் வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போகாமல், கோயில் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். சங்கக் கூட்டத்தில் நாம் ஒரு மணி நேரம் புத்திமதி சொல்லியிருந்தால் இது நடந்திருக்குமா? நமக்குச் சந்தேகம்தான்.

குடியும் அப்படியே. "எப்பவாவதுதான்" என்பவர் குடித்த நாளில் ஒரு புள்ளி வைத்துப் பார்க்கட்டும். புள்ளியை எண்ண வாத்தியார் வர வேண்டியதில்லை.

உரிமை வேலைக்கும் இது உதவும். வேலை நீக்கம் நியாயமில்லை என்றால் 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டப்படி 60 நாட்களுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். சொக்சோ விவகாரத்தில் விபத்து நடந்த நாளும் நேரமும் கேட்பார்கள். "போன மாசம், ஒரு செவ்வாக்கிழமைன்னு நெனக்கிறேன்" என்று வந்து நிற்கும் தோழருக்காக வாதாடுவது எவ்வளவு சிரமம் என்று எங்களைப் போன்ற சங்கக்காரர்களுக்குத்தான் தெரியும்.

பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. விடியலுக்கு முன் எழுந்து சோறாக்கி, நிரையில் உரம் போட்டு, திரும்பி வந்து துணி துவைக்கிற தாய்மாருக்கு மனசில் இருப்பதைச் சொல்ல ஆள் கிடையாது. பிள்ளைகள் தூங்கிய பின் பத்து நிமிடம் அவர்களுக்கு வேண்டும். கணவன்மார் அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்க்கக் கூடாது. அடுத்தவர் சட்டைப் பையில் கைவிடுவதும் அதுவும் ஒன்றுதான். எழுத வராத பாட்டிமார் கைப்பேசியில் பேசிப் பதிந்து வைக்கலாம். பேரப்பிள்ளை ஒரு முறை காட்டிக் கொடுத்தால் பழகிவிடும்.

ஜனவரியில் சாமி படம் போட்ட பெரிய டைரி வாங்கி, பொங்கலோடு நிறுத்திவிடும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. அதனால்தான் சின்னப் புத்தகம் போதும் என்கிறோம். இரண்டு நாள் விட்டுப்போனாலும் மூன்றாம் நாள் எழுதுங்கள். விட்ட நாளுக்குக் கதை கட்ட வேண்டாம்.

முதல் நாள் பேனா ஓடவில்லையா? "என்ன எழுதுறதுன்னே தெரியல" என்று எழுதி வையுங்கள். மேலே தேதி இருக்கட்டும்.