சாவி யாரிடம்?

எங்கள் திருவாரூர் மாவட்டத்தில் (1991 வரை தஞ்சாவூர், அப்புறம் நாகப்பட்டினம், 1997 முதல் திருவாரூர். நாங்கள் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறோம் ஸார், கலெக்டர் ஆபீஸ்தான் கிட்டே கிட்டே வந்தது) எந்த கிராமத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினாலும் ஒரு குளம், ஒரு கோயில், ஒரு டீக்கடை, ஒரு சமுதாயக் கூடம் இருக்கும். முதல் மூன்றும் திறந்திருக்கும்.

"கூடத்துச் சாவி எங்கண்ணே?" என்று டீக்கடையில் கேட்டுப் பாருங்கள்.

"தலைவர் வூட்ல இருக்கும் தம்பி."

தலைவர் வீட்டில், "டேங்க் ஆபரேட்டர்ட்ட குடுத்தாச்சே!" டேங்க் ஆபரேட்டர் வீட்டில், "அவரு நடவுக்குப் போயிருக்காரு. சாவிய இடுப்புலயே வச்சுருப்பாரு."

ஆக, சாவி வயலில் இருக்கிறது. உள்ளே எட்டிப் பார்த்தால் நாலு பெஞ்ச், ஒரு ஓட்டை அண்டா, மழைக்கு ஒதுங்கிய யாரோ ஒருவரின் நெல் மூட்டைகள். வாசலில் மட்டும் திறப்பு விழாக் கல்வெட்டு பளபளவென்று.

இதே மாவட்டத்து நீடாமங்கலத்துக்கு ஒரு காலத்தில் யமுனாம்பாள்புரம் என்று பெயர். தஞ்சாவூரை ஆண்ட மராட்டிய ராஜா பிரதாபசிம்மர், ராணி யமுனாம்பாள் பெயரில் அங்கே ஒரு சத்திரம் கட்டினார். அது 18-ம் நூற்றாண்டு. இந்த மாதிரி ராமேஸ்வரம் போகிற வழி நெடுக, ராஜ குடும்பத்துப் பெண்கள் பெயரில் சத்திரங்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் 1802-ல் வந்தது. (இப்போது மனைவி பெயரில் வீடு வாங்குகிறோம், அது லோனுக்காக.)

1799-ல் ராஜ்யத்தைக் கும்பெனியிடம் ஒப்படைத்துவிட்ட சரபோஜி மன்னர், 1801-ல் ரெஸிடென்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆட்சிதான் போச்சு, சத்திரங்களையாவது எனக்கு விட்டுவிடுங்கள் என்கிற தோரணை. அதில் சத்திரத்தில் என்னென்ன நடக்கிறது என்று பட்டியல் போட்டிருக்கிறார். வழிப்போக்கர் யார் வந்தாலும் சோறு. நடுராத்திரி மணி அடித்து, சாப்பிடாதவர்களைக் கூப்பிட்டுப் போடுவார்கள். விஷக்கடிக்கு வைத்தியர். அநாதைப் பிள்ளைகளுக்கு வாத்தியார், மூன்று வேளைச் சாப்பாடு, நாலு நாளைக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல். கர்ப்பிணி வந்து அங்கேயே பிரசவமானால் செலவு சத்திரத்துடையது. பிறகு மூன்று மாதம் தங்கலாம்.

மூன்று மாதம்! 1961-ல் வந்த பிரசவ கால நலச் சட்டமே 12 வாரம்தான் கொடுத்தது. 2017-ல்தான் அது 26 ஆனது. எங்கள் ஆபீஸ் ஹெச்.ஆர். மேனேஜரிடம் சரபோஜி கதையைச் சொன்னேன். "அவங்களுக்கு டார்கெட் கிடையாதே ஸார்" என்றார்.

அடியேன் பி.காம். படித்தவன். எனக்குப் பிடிபடுகிற விஷயம் ஒன்றுதான். அந்தச் சத்திரங்களோடு நிலத்தையும் எழுதி வைத்தார்கள். கட்டடம் மூலதனச் செலவு, நிலத்து வருமானம் வருவாய்ச் செலவுக்கு. மணி அடிக்கிறவனுக்குச் சம்பளம், அரிசி, விளக்கெண்ணெய் எல்லாம் அதிலிருந்து. நம் சமுதாயக் கூடத்துக்கோ, முதலாவது மட்டும் வரும். எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதி என்று 1993-ல் ஆரம்பித்தார்களே, முதல் வருஷம் ஆளுக்கு 5 லட்சம், இன்றைக்கு வருஷத்துக்கு 5 கோடி. கூடம் கட்டலாம். ஆனால் பழுது பார்க்க அதில் இடமில்லை என்றுதான் விதி ரொம்ப நாள் இருந்தது. ஆகவே கூடம் ஒழுக ஆரம்பித்தால் சுலபமான வழி, பக்கத்தில் இன்னொரு கூடம்!

சத்திரத்தை ரொம்பவும் புகழ்ந்துவிட முடியாது. எல்லா ஜாதிக்கும் சோறு உண்டு என்ற அதே கடிதத்திலேயே, இறந்தவருக்கு ஜாதிப்படி சடங்கு என்றும் இருக்கிறது. சோறு பொது, பந்தி பொது இல்லை. எங்கள் ஊரிலும் கூடம் இரண்டு. மேலத்தெருவில் ஒன்று, காலனியில் ஆதிதிராவிடர் நலத்துறை கட்டியது ஒன்று. பெயர் இரண்டுக்கும் சமுதாயக் கூடம்தான். எந்தச் சமுதாயம் என்பது ஊருக்குத் தெரியும், கல்வெட்டில் போடமாட்டார்கள்.

2018 நவம்பர் 16. விடியற்காலை கஜா புயல். காலனியில் கூரை ஒன்று மிச்சமில்லை, அங்கிருந்த கூடத்தின் ஜன்னல்கள் பறந்துவிட்டன. குழந்தை குட்டிகளோடு மேலத்தெருக் கூடத்து வாசலுக்கு வந்தார்கள். சாவி? டேங்க் ஆபரேட்டர் வீடு வரை ரோட்டில் தென்னை மரங்கள். தலைவர் ஒரு நிமிஷம் யோசித்தார். அந்த ஒரு நிமிஷத்தில் யாரோ கடப்பாரையைப் போட்டுவிட்டார்கள். யார் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. பன்னிரண்டு நாள் ஓட்டை அண்டாவில் தார் அடைத்துச் சமைத்தார்கள். முதல் இரண்டு நாள் மேலத்தெருக்காரர்கள் சாப்பாட்டை வீட்டுக்கு வாங்கிப் போனார்கள். மூன்றாம் நாள் வீட்டில் குடிதண்ணீரும் தீர்ந்துபோனதால் அங்கேயே உட்கார்ந்தார்கள்.

கரண்ட் வந்த பிறகு புதுப் பூட்டு வாங்கப்பட்டது. கூடவே மூன்று சாவி. ஒன்று தலைவரிடம், ஒன்று டேங்க் ஆபரேட்டரிடம். மூன்றாவதைக் காலனியில், சத்துணவு ஆயாவிடம் கொடுக்க வேண்டும் என்று கிராம சபையில் அந்த அம்மாவே எழுந்து கேட்டார். "பரிசீலிக்கப்படும்" என்று மினிட்ஸில் எழுதினார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு மே தினத்துக்கும், ஒவ்வொரு அக்டோபர் இரண்டுக்கும் அவர் எழுந்து அதையே கேட்கிறார். போன தடவை அவர் பின்னால் இன்னும் பதினாலு பெண்கள் நின்றிருந்தார்கள்.

கிராம சபை எங்கே நடக்கிறது என்கிறீர்களா? கூடத்து வாசலில், வேப்பமரத்தடியில். அன்றைக்கும் டேங்க் ஆபரேட்டர் வயலுக்குப் போயிருந்தார்.