சிக்னலை எடுத்தாச்சு, ரோட்டை எப்படிக் கடக்கிறது?

கோயம்புத்தூர்ல படிக்கிறவங்களுக்கு இது தெரிஞ்ச கதைதான். சில வருஷமா நகரத்துல பல சந்திப்புகள்ல சிக்னலை நிறுத்திட்டாங்க. குறுக்கே போற வழியை அடைச்சு, கொஞ்ச தூரம் தள்ளிப் போய் யூ-டர்ன் எடுத்து வரச் சொல்றாங்க. லாலி ரோடு சந்திப்புல ரவுண்டானா. வண்டி ஓட்டுறவங்களுக்கு ஒரே சந்தோஷம், சிக்னல்ல நிக்கவே வேண்டாம். பாடப்புத்தகமும் அவங்க பக்கம்தான். நாலு ரோடு சேரும் சாதாரணச் சந்திப்பில் வண்டியும் வண்டியும் மோத வாய்ப்புள்ள புள்ளிகள் 32. ஒற்றை லேன் ரவுண்டானாவில் வெறும் 8. இந்தக் கணக்கு தப்புன்னு நான் சொல்லலை. அதுல வண்டி மட்டும்தான் இருக்கு, அதுதான் என் பிரச்சினை.

முன்னாடி வண்டிக்குச் சிவப்பு விழும்போதுதான் நாம ரோட்டைக் கடந்தோம். இப்போ வண்டி நிக்கிறதே இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போடுங்க. நாலு லேன் ரோடு, அகலம் 14 மீட்டர். சிக்னல் டிசைன்ல நடை வேகம் நொடிக்கு 1.2 மீட்டர்னு எடுப்போம். அப்போ கடக்க 12 நொடி. மணிக்கு 40 கிலோமீட்டர்ல வர்ற வண்டி அந்த 12 நொடியில 130 மீட்டருக்கு மேல வந்துடும். அவ்வளவு தூரத்துக்கு ரோடு காலியா இருந்தாதான் நீங்க நிம்மதியா கடக்க முடியும். சாயங்காலம் 6 மணிக்கு எந்த ரோடு அப்படி இருக்கு? நாமளாவது ஓடிடுவோம். முட்டி வலியோட வர்ற பாட்டிக்கு 1.2 மீட்டரே அதிகம்.

சைக்கிள்ல போறவர் நிலைமை இன்னும் மோசம். இடது ஓரமா போறவர் யூ-டர்ன் எடுக்கணும்னா, பஸ், லாரிக்கு நடுவுல புகுந்து மீடியன் பக்கம் வரணும். திரும்பினதும் மறுபடி இடது ஓரத்துக்குப் போகணும். யூ-டர்ன் 300 மீட்டர் தள்ளி இருந்தா போக வர 600 மீட்டர் கூடுதலா மிதிக்கணும். அவர் ராங் சைடுல வர்றாருன்னு திட்டுறதுக்கு முன்னாடி இதையும் யோசிங்க.

பழைய சிக்னலையே திரும்பக் கொண்டு வரணும்னு இல்லை. ஒல்லியான தடுப்புக்குப் பதிலா, நாலு பேர் நிக்கிற அளவுக்கு நடுவுல ஒரு திட்டு வையுங்க. ஒரு நேரத்துல கடக்க வேண்டியது 7 மீட்டர், 6 நொடி. கடக்கிற இடத்தை மேடாக்கி வண்டியை 30-க்கு இறக்கினா, தேவைப்படும் இடைவெளி 50 மீட்டர்தான். 130 எங்கே, 50 எங்கே! கூட்டம் அதிகமுள்ள இடத்துல மட்டும், பட்டனை அழுத்தினா சிவப்பு விழுற சிக்னல் வைக்கலாம். (நடைமேம்பாலம் போதாதான்னு கேட்கிறவங்க, மளிகைப் பையோட ஒரு தடவை ஏறி இறங்கிட்டு வாங்க.)

சிவில் நண்பர்களே, டிராஃபிக் சர்வேல கார், பைக், பஸ், மாட்டு வண்டிக்குக்கூட பி.சி.யூ. மதிப்பு இருக்கு. நடந்து போறவருக்கு இல்லை. அடுத்த தடவை ஷீட் ஓரத்துல ஒரு கட்டம் சேர்த்துக்கோங்க. 15 நிமிஷத்துல எத்தனை பேர் கடந்தாங்க, ஒவ்வொருத்தரும் எத்தனை நொடி காத்து நின்னாங்கன்னு குறிச்சுக்கோங்க. அந்த ஷீட்டோட மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதலாம்.