சாவோ பாலோவைக் கடைக்காரர் கண்ணால் பாருங்கள்

வெளிநாட்டுப் பயணம் என்றால் நம் வணிகர்களுக்குச் சிங்கப்பூர், பாங்காக், துபாய். அதைத் தாண்டினால் சீனா. பிரேசில் என்றதும் கால்பந்தும் ரியோ கடற்கரையும்தான் நினைவுக்கு வரும். நம் கடையில் விற்கும் சோயா எண்ணெயில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. அந்நாட்டு மிளகு உலகச் சந்தையில் நம் மிளகோடு மோதுகிறது. வசதியுள்ள அன்பர்கள் ஒருமுறை சாவோ பாலோ போய் வரவேண்டும் என்பது நம் கருத்து. அழகான ஊர் என்பதற்காக அல்ல. 1 கோடியே 14 லட்சம் பேர் வாழும் அந்தத் தொழில் நகரில் சிறு வியாபாரி இன்னும் கடை விரித்து நிற்கிறார் என்பதற்காக.

காபியால் வளர்ந்த ஊர் அது. 1867-இல் சான்டோஸ் துறைமுகத்துக்கு ரயில் பாதை வந்தது. காபிப் பணம் ஆலைகளாயிற்று. மோக்கா பகுதியின் கிரெஸ்பி பஞ்சாலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் 1917-இல் நகரையே முடக்கியது. அந்த ஆலைக் கட்டடம் பிற்காலத்தில் என்ன ஆயிற்று தெரியுமா? சூப்பர் மார்க்கெட்! பிரெஞ்சு நிறுவனமான கார்ஃபூர் 1975-லேயே சாவோ பாலோவில் கடை திறந்துவிட்டது. நாம் இன்று அஞ்சுவதை அவர்கள் அப்போதிருந்தே பார்த்து வருகிறார்கள்.

அப்படியிருந்தும் வாரச்சந்தை சாகவில்லை. 'ஃபெய்ரா' என்று பெயர். 1914 முதல் நகராட்சி அனுமதியோடு நடக்கிறது. குறித்த கிழமையில் குறித்த தெருவில் வண்டிகளை நிறுத்திவிட்டுக் காய், பழம், மீன், மசாலாக் கடைகளைப் போடுகிறார்கள். மதியத்துக்குமேல் தெரு பழையபடி ஆகிவிடும். நகரெங்கும் வாரத்துக்கு 800 சந்தைகளுக்கு மேல். வாடிக்கையாளருக்குக் கிழமை தெரியும், கடைக்காரர் முகமும் தெரியும். கடை கட்டும் நேரத்தில் மிச்சச் சரக்கை விலை குறைத்துத் தள்ளுவதற்கு 'ஷேபா' என்று தனிப்பெயரே உண்டு. அந்த நேரத்துக்கென்றே பையோடு வருபவர்களும் இருக்கிறார்கள். நம்மூர்போலக் கரும்புச்சாறும் அங்கேயே கிடைக்கும்.

மொத்த வியாபாரம் பார்க்க 'மார்ச் 25' தெருவுக்குப் போக வேண்டும். 1824-இல் பிரேசிலின் முதல் அரசியல் சட்டம் வந்த நாளின் பெயர் அது. சிரியா, லெபனானிலிருந்து தலைச்சுமையாகத் துணி விற்க வந்தவர்கள் வளர்த்த தெரு. கூட்டம் அதிகம், பணப்பையும் கைப்பேசியும் பத்திரம். அருகிலேயே 1933-இல் திறந்த நகராட்சிச் சந்தை இருக்கிறது.

போர்டு விஷயம்தான் நம்மைக் கவர்ந்தது. 2007 முதல் அந்நகரில் விளம்பரத் தட்டிகளுக்குத் தடை. கடை முகப்பு 10 மீட்டருக்குக் குறைவென்றால் பெயர்ப்பலகை ஒன்றரைச் சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது. விளம்பர நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. நம்மில் சிலருக்கும் இது பிடிக்காது. ஆனால் பெரிய கம்பெனியின் தட்டி நம் கடைப் பெயரை மறைக்காத ஊர் என்பது சிறிய லாபமா?

கிளம்புமுன் ஒன்று: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே போட்டுச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் திரும்பும்போது இங்கே விமான நிலையத்தில் நிறுத்தி, 6 நாள்வரை தனிமையில் வைத்துவிடுவார்கள்.