பெட்டி எடையும் விமானி தட்டும் எண்ணும்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் வளைகுடாவுக்கு ஆள் கிளம்புகிற வீட்டில், முந்தின நாள் ராத்திரி தராசுதான் கதாநாயகன். முந்திரிக்கொத்து, நேந்திரங்காய் சிப்ஸ், கருப்பட்டி என்று பெட்டி வாய் பிளந்து கிடக்கும். "இந்த ஒரு பொதியையும் வச்சுக்க மக்கா" என்று அம்மா நீட்ட, "கிலோ கூடிரும்மா" என்று மகன் தள்ள, பெரும்பாலும் அம்மாதான் ஜெயிப்பார்.

அந்த எடை, திருவனந்தபுரம் விமான நிலையத்தில் பெட்டி போடும் கவுண்டரோடு முடிந்துவிடுவதில்லை. பெட்டிகள், சரக்கு, பயணிகள் எல்லாவற்றையும் கூட்டிய கணக்கு விமானிகள் கைக்குப் போகிறது. (பயணிகளை யாரும் தராசில் நிறுத்துவதில்லை. ஆளுக்கு இவ்வளவு என்று சராசரிக் கணக்குதான். விடுமுறையில் வீட்டுச் சாப்பாட்டில் ஊதிப்போனவர்கள் கவலைப்பட வேண்டாம்!)

போயிங் 737-ல் இரண்டு விமானிகளுக்கும் நடுவே, சின்னத் திரையும் பொத்தான்களுமாக ஆளுக்கொரு தட்டுப்பலகை இருக்கும். எஃப்.எம்.சி. எனப்படும் கணினியோடு அவர்கள் பேசுவது அதில்தான். போகும் பாதை, ஓடுபாதை, வெளியே அடிக்கிற வெயில், எரிபொருள் நீங்கலான எடை எல்லாம் விரலால் தட்டிச் சரிபார்க்க வேண்டியவை. டாங்கில் உள்ள எரிபொருளை அதுவே தெரிந்து கூட்டிக்கொள்ளும். இந்தக் கணக்கிலிருந்து மூன்று வேகங்கள் பிறக்கின்றன. முதல் வேகத்தைத் தாண்டிவிட்டால் பிரேக் போடுகிற பேச்சே இல்லை. இரண்டாவதில் மூக்கைத் தூக்க வேண்டும். மூன்றாவது, ஒரு இன்ஜின் நின்றுபோனாலும் பத்திரமாக மேலேறும் வேகம்.

சிக்கல் என்னவென்றால், பெரும்பாலான விமானங்களுக்குத் தன் எடையைத் தானே நிறுத்துப் பார்க்கத் தெரியாது. தட்டிய எண்ணை அப்படியே நம்பும். எடையைக் குறைத்துச் சொன்னால், வேகமும் குறைவாக வரும்; இன்ஜினுக்கும் குறைந்த விசை போதும் என்று சொல்லிவிடும். இறக்கைகள் தூக்குவதற்குள் மூக்கு எழும், வால் தரையில் உரசும்.

2009 மார்ச் 20 அன்று மெல்போர்னில் நடந்தது அதுதான். துபாய்க்குக் கிளம்பிய எமிரேட்ஸ் ஏர்பஸ் ஏ340 விமானத்தில் 275 பேர். கணக்குப் போடும் மடிக்கணினியில் 362.9 டன் என்பதற்குப் பதில் 262.9 என்று தட்டியிருந்தார்கள். ஒரே ஒரு இலக்கம், நூறு டன்! அதில் வந்த தப்பான வேகங்கள்தான் விமானத்தின் கணினிக்கும் போயின. அடுத்தடுத்த சரிபார்ப்புகளிலும் பிழை சிக்கவில்லை. வால் உரசி, ஓடுபாதை முடிந்தும் தரையிலேயே ஓடிய விமானத்தை, கேப்டன் முழு விசை கொடுத்துத்தான் மேலே தூக்கினார். திரும்பி இறங்கியதில் யாருக்கும் காயமில்லை.

நம் பக்கத்திலும் ஒன்று உண்டு. 2023 பிப்ரவரி 24, கோழிக்கோட்டிலிருந்து தம்மாமுக்கு 182 பேருடன் எழும்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தின் வால் ஓடுபாதையில் உரசியது. திருவனந்தபுரத்துக்குத் திருப்பிவிடப்பட்டு, அவசரநிலை அறிவிப்புக்கு நடுவே பத்திரமாக இறங்கியது. எடைக் கணக்கைத் தவறாகக் கொடுத்ததே காரணம் என்று அப்போது செய்திகள் வந்தன. போயிங் 737-ல் எரிபொருளை நடுவானில் கொட்டிவிட வசதி கிடையாது என்பதால், இப்படித் திரும்புகிறவர்கள் வட்டமடித்தே எரித்துத் தீர்க்க வேண்டும். உள்ளே இருப்பவர்களுக்கு அந்த நேரம் எவ்வளவு நீளமாக இருந்திருக்கும்!

அதனால்தான் ஒருவர் தட்டிய எண்ணை மற்றவர் தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். கதவு மூடியும் விமானம் நகரவில்லையே என்று பயணிகள் முணுமுணுக்கும்போது, முன்னால் இந்த வேலை நடந்துகொண்டிருக்கலாம்.

சங்குமுகம் கடற்கரையைத் தாண்டிச் சற்று ஏறியதும் இன்ஜின் சத்தம் சட்டென்று தணியும். முதல் தடவை போகிறவர்கள் கைப்பிடியை இறுக்குவது அப்போதுதான். ஒன்றுமில்லை, கிளம்பும் விசையைக் குறைத்து, ஏறும் விசைக்கு மாறுகிறது. அந்த அளவையும் அதே கணினிதான் சொல்கிறது.